மூச்சு விடும் இடம்

சேசு மரி சூசை

பிரேசர் டவுன், பெங்களூரு
9 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கை பிரிஜெட்டுக்கு,

அக்கா கேத்தரின் எழுதுவது. உன்னையும் தியோடரையும் மாதா தன் கைக்குள் வைத்திருப்பாள் என்று நம்புகிறேன். நான் நலம் என்று எழுதினால் அது பொய். நலமில்லை என்று எழுதினால் நீ உடனே ஃபோன் செய்வாய். செய்யாதே. என்னால் எடுத்துப் பேச முடியாது. காரணத்தைச் சொல்கிறேன்.

என் குரல்நாணில் ஒரு கொப்புளம் வந்து, போன வாரம் அதை வெட்டி எடுத்தார்கள். டாக்டர் ஷில்பா என்று ஒரு சின்னப் பெண். "ஆன்ட்டி, இது கத்திக் கத்தியே வந்தது" என்றாள். நான் கத்துவதில்லை, தெளிவாகப் பேசுகிறேன் என்று திருத்தியிருப்பேன். அந்த நேரம் பார்த்து வாயில் ஒரு குழாயை விட்டிருந்தாள். இரண்டு மாதத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது. கிசுகிசுப்பதும் கூடாதாம், அது இன்னும் கெடுதலாம். பாடுவது இந்த வருடம் கிடையாது. ஒரு சிலேட்டு வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் எழுதலாமே என்று எல்லாரும் சொல்கிறார்கள். முற்றுப்புள்ளி எங்கே வைப்பதென்று தெரியாதவர்கள் கூடும் இடத்தில் எனக்கு வேலை இல்லை.

இதைவிடப் பெரிய கவலை வேறு. நம் அகத்தம்மாள் கோயிலில் எல்லா மொழிக்காரர்களும் சேர்ந்து பாடும் கிறிஸ்துமஸ் கீத வழிபாடு உனக்கு நினைவிருக்கும். போன வருடம் எங்கள் தமிழ்க் கொயர் அப்பா எழுதிய பாட்டை எடுத்து, மூன்றாவது சரணத்தில் சுருதி இறங்கி, கடைசியில் ஆளுக்கு ஒரு பக்கம் போய் நின்றது. கன்னடக் கொயர்க்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இந்த வருடம், கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையின் செயலாளர் லாயிட் ஒரு யோசனை சொல்லியிருக்கிறான். எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை, எல்லாவற்றுக்கும் ஒரு அட்டவணை வைத்திருப்பான். "ஆன்ட்டி, தமிழ் பாட்டுக்கு ரெகார்டட் ட்ராக் போட்டுடலாம். சேஃப் ஆன்ட்டி." நவம்பரில் கிறிஸ்து அரசர் திருநாளன்று பேரவைக்கு முன்னால் நாங்கள் பாடிக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் கோயிலில் தமிழுக்குப் பதில் ஒலிபெருக்கி.

அப்பா தொடங்கிய கொயர், பிரிஜெட். என் காலத்தில் அது வாயை மூடக் கூடாது. நானோ வாய் மூடிக் கிடக்கிறேன்.

தியோடருக்கு என் அன்பு. ஆண்களின் கனத்த குரலான பேஸ் வரிசையில் அவர் நின்ற இடம் இன்னும் நிரம்பவில்லை என்று சொல்.

உன் அக்கா,
கேத்தரின்


பினாங்கு
24 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பிரிஜெட் வணக்கங்களுடன் எழுதுவது. நாங்கள் நலம். உங்கள் தொண்டைக்காக எங்கள் தெருமுனைக் கோயிலில் மெழுகுதிரி ஏற்றினேன். நீங்கள் இரண்டு மாதம் பேசாமல் இருப்பதைக் கற்பனை செய்து பார்த்தேன். மன்னியுங்கள், கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

பக்கத்து வீட்டு மேடம் ஊய் பற்றி முன்பே எழுதியிருக்கிறேனா தெரியவில்லை. சீனத்து அம்மாள். தாவோ என்ற பழைய சீன ஞான வழியில் போகிறவர். முன்வாசலில் சிவப்புத் தட்டில் ஊதுவத்தி எரியும், வேறு ஆர்ப்பாட்டம் இருக்காது. உங்கள் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். தேநீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து உள்ளே காட்டினார். "இந்த வெறுமைக்குத்தான் கடையில் காசு கொடுத்தேன். சுவருக்கு இல்லை" என்றார். உங்கள் அக்கா இவ்வளவு நாள் நிறைந்தே இருந்தவர், இப்போதுதான் அதில் ஏதாவது ஊற்ற முடியும் என்றார்.

கோபப்படாதீர்கள். இன்னொன்றும் சொன்னார். தண்ணீர் யாரோடும் போட்டி போடாமல் எல்லாரும் ஒதுக்குகிற தாழ்ந்த இடத்துக்குப் போய் உட்காருமாம். அதனால்தான் எல்லா ஆறும் கடைசியில் அதனிடம் வந்து சேருமாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவின் பாட்டில் வருவது இதுதானே? "தண்ணீரைப் போலத் தாழ்ந்த இடம் தேடி வந்தவரே." மேடம் ஊய்க்குப் பாடிக் காட்ட நினைத்தேன். என் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே.

அக்கா, ஒரே ஒரு நாள், பயிற்சியில் முன்னால் நிற்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்களேன். சிலேட்டு இல்லாமல்.

அன்புடன்,
பிரிஜெட்


சேசு மரி சூசை

பிரேசர் டவுன்
10 செப்டம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் மாதா திருநாளுக்கு முந்தின நாள் வந்தது. சிவாஜிநகர் பக்கம் முழுவதும் காவிச் சேலையும் கூட்டமும். தேர் பார்க்க நானும் போனேன். ஜெபமாலையைச் சத்தமில்லாமல் சொன்னேன். மாதாவுக்கு அது பழக்கமில்லாததால் என்னை அடையாளம் தெரிந்திருக்குமோ என்னவோ.

உன் சீனத்து அம்மாளுக்கு என் மரியாதையைச் சொல். ஆனால் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவளுக்கு அமைதியைப் பற்றிப் பாடம் தேவையில்லை. அங்கே நடைக்கூடத்தில் பேசினால் முழங்கால் போட வேண்டும். கடைசி பெஞ்சுக்கு நான் எதற்குப் போக வேண்டும்? கொயர் நடத்துகிறவள் முன்னால்தான் நிற்பாள். மாடு ஓட்டுகிறவன் வண்டிக்குப் பின்னால் நடந்தால் மாடு எங்கே போகும்?

நடந்ததை மறைக்காமல் எழுதிவிடுகிறேன், எப்படியும் மௌரீன் உனக்கு எழுதுவாள். போன சனிக்கிழமை பயிற்சி. கையால் தாளம் போட்டு, சிலேட்டில் திருத்தம் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தேன். மௌரீன், பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்டோ வரிசையில் இருந்து, "மிஸ், சிலேட்டுலகூட கத்துறீங்களே, அடிக்கோடு மேல அடிக்கோடு!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். தொம்மலூரில் இருந்து இரண்டு பஸ் மாறி வருகிற வனஜா, அவள்தான் எங்கள் முதல் குரல், அவளும் சிரித்தாள். அதே வேகத்தில் பாட்டை எடுத்தார்கள். அதே மூன்றாவது சரணம். அதே இறக்கம். எனக்குப் பொறுக்கவில்லை. "நிறுத்துங்கள்!" என்று கத்திவிட்டேன். கைக்குட்டையில் இரத்தம்.

டாக்டர் ஷில்பா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஆன்ட்டி, இன்னொரு தடவை இப்படிப் பண்ணினா குரல் திரும்பி வரும்னு நான் கேரண்டி தர மாட்டேன்" என்றாள். டிசம்பர் முடியும் வரை ஒரு சொல்கூடக் கூடாது.

ஆகவே மாடும் போயிற்று, ஓட்டுகிறவளும் போனாள். ஜெபம் செய்.

கேத்தரின்


பினாங்கு
2 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது. இங்கே வேலை கொஞ்சம் அதிகம். இரத்தம் என்று படித்ததும் பயந்துவிட்டேன். இனி அப்படிச் செய்யாதீர்கள்.

மேடம் ஊயிடம் நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். உங்களுக்குப் பாடம் நடத்த இல்லை. எனக்கு உதவியது, அவ்வளவுதான். அவர் சொல்வது இப்படி: காதால் கேட்டால் சத்தம் கேட்கும். புத்தியால் கேட்டால் அடுத்து நாம் சொல்லப்போகும் பதில்தான் கேட்கும். மூச்சால் கேட்க வேண்டும். முதலில் எனக்கு இது விளங்கவில்லை. இப்போது கொஞ்சம் விளங்குகிறது. எதிரில் இருப்பவர் மூச்சு எங்கே நிற்கிறது, எங்கே தொடர்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தால், நம்முடைய அவசரம் தானாக அடங்கிவிடுகிறது.

தினமும் பிற்பகலில் அவர் எங்கள் முன்னறைக்கு வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எதுவும் பேச மாட்டார். தேநீர் ஆறிப்போகும். பிறகு எழுந்து போய்விடுவார். அவர் வந்து போன வீடு வேறு மாதிரி இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிஜெட்


சேசு மரி சூசை

பிரேசர் டவுன்
20 அக்டோபர் 2024

அன்புத் தங்கைக்கு,

ஆண்டவர் கிருபையால் இரத்தம் இல்லை, வலி இல்லை. குரலும் இல்லை. தன்மானம் இருந்தது, அதுவும் நேற்று போயிற்று. விவரமாகச் சொல்கிறேன்.

நேற்றுப் பயிற்சிக்குச் சிலேட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். உன் சீனத்து அம்மாள் சொன்னதற்காக இல்லை. பலப்பம் தீர்ந்துவிட்டது. கடைசி பெஞ்சில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொயர் திரும்பித் திரும்பிப் பார்த்தது. எத்திராஜ், நம் பழைய பேஸ், ஆட்டோவை வெளியே நிறுத்திவிட்டு வந்தவர், "என்ன மிஸ், ஸ்வல்பம் உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். ஆரம்பித்தார்கள்.

பிரிஜெட், நான் இந்தக் கொயரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவர்கள் பாடும்போதெல்லாம் நானும் பாடியிருக்கிறேன், அவர்களைவிடச் சத்தமாக. என் குரலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. முதல் சரணம் கேட்கக் கேட்க, இது யாருடைய கொயர் என்று தோன்றியது. அவ்வளவு நன்றாக இருந்தது. வனஜாவின் குரலில் ஒரு வெளிச்சம். இத்தனை நாள் நான் அதை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு அந்த வரி வந்தது. "தண்ணீரைப் போலத் தாழ்ந்த இடம் தே" என்று பாடி, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்து, "டி வந்தவரே" என்று முடித்தார்கள். ஒரு சொல்லை நடுவில் வெட்டி! ஒவ்வொரு சரணத்திலும் அதே இடத்தில். ஒவ்வொரு வெட்டிலும் சுருதி ஒரு மயிரிழை இறங்குகிறது. மூன்றாவது சரணத்துக்குள் கிணற்றுக்குள் போய்விடுகிறது.

சொல்லை நடுவில் வெட்டக் கூடாது என்று அப்பா பிரம்பால் சொல்லிக் கொடுத்தவர். இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? பெஞ்சில் உட்கார்ந்தபடியே, வாய் திறக்காமல், மனதுக்குள் அவர்களோடு சேர்ந்து பாடினேன். "தே" வந்ததும் என் மூச்சு நின்றது.

என் மூச்சு, பிரிஜெட். என் எழுபத்தாறு வயது நுரையீரல் அந்த இடத்தில்தான் தீர்ந்துபோகிறது. எனக்கே தெரியாமல் நான் அங்கே மூச்செடுத்திருக்கிறேன். இருபது பேர் அதை வேதவாக்காகப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

கேத்தரின்


சேசு மரி சூசை

பிரேசர் டவுன்
4 நவம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. தபால்காரரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் ஒழுங்கானவர். ஆகவே நானே மறுபடி எழுதுகிறேன்.

சனிக்கிழமை சிலேட்டை எடுத்துப் போனேன், கடைசித் தடவையாக. "தேடி என்ற சொல்லின் நடுவில் ஏன் மூச்சு எடுக்கிறீர்கள்?" என்று எழுதிக் காட்டினேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். மௌரீன்தான் வாயைத் திறந்தாள். "நீங்கதான மிஸ் அங்க எடுப்பீங்க."

எத்திராஜ் அவளை முறைத்தார். "சும்மா இரு மௌரீன்."

"எதுக்கு சும்மா இருக்கணும்? மிஸ் கேக்கறாங்க இல்ல?" என்னிடம் திரும்பினாள். "நாலஞ்சு வருஷமா உங்களுக்கு அங்க மூச்சு வாங்குது மிஸ். தனியா நீங்க மட்டும் எடுத்தா முன்னால இருக்கறவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிடும். அதான் எத்திராஜ் அண்ணன் சொன்னாரு, எல்லாரும் சேர்ந்து எடுத்துடலாம்னு. மிஸ்ஸுக்கு அசிங்கமா இருக்கக் கூடாதுன்னு."

அவர்கள் தெரிந்தே செய்திருக்கிறார்கள். போன வருடம் அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்தபோதும் ஒருவரும் காரணத்தைச் சொல்லவில்லை. நான் மறுநாள் அவர்களைத்தான் திட்டினேன். அந்தத் திட்டையும் வாங்கிக்கொண்டார்கள்.

சிலேட்டை அழித்தேன்.  கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தேன். வனஜா பாட்டை எடுத்தாள். அந்த வரி நீளமானது, யாராலும் ஒரே மூச்சில் முடியாது. முதலில் தடுமாறினார்கள். பிறகு, யாரும் சொல்லாமலேயே, ஒன்று நடந்தது. வனஜா "தாழ்ந்த" என்ற இடத்தில் மூச்செடுத்தபோது பக்கத்துப் பெண் கொஞ்சம் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் எடுத்தபோது மௌரீன் பிடித்தாள். எத்திராஜ் எப்போது எடுத்தார் என்று எனக்குத் தெரியவே இல்லை. யாராவது ஒருவர் எப்போதும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள், வரி மட்டும் அறுபடவில்லை. பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல் இதைச் செய்ய முடியாது. நான் முன்னால் நின்று கத்தியிருந்தால் நடந்தே இருக்காது.

சரி. கொயர் கதை போதும். கேட்கப் பழகின பிறகு மற்றதும் கேட்கிறது. உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். ஆகஸ்டில் "நாங்கள் நலம்" என்று ஒரு வரி. அக்டோபரில் அதுவும் இல்லை. இரண்டிலும் தியோடரின் பெயர் இல்லை. நான் அன்பு சொல்லச் சொன்னதற்கும் பதில் இல்லை. தினமும் ஒரு அம்மாள் உன் முன்னறையில் வந்து பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். அப்படி உட்காருகிறவள் யாராவது ஒருவர் பக்கத்தில்தான் உட்காருவாள்.

நீ சொல்லும்போது சொல். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். சொல்லவும் முடியாது, உனக்கே தெரியும்.

உன் அக்கா,
கேத்தரின்


பினாங்கு
14 நவம்பர் 2024

அக்கா,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மார்ச் மாதம் தியோடருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் பழையபடி திரும்பிவிட்டது. நடக்கிறார், சாப்பிடுகிறார், என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். பேச்சுதான் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கிறது. சொல் மட்டும் வராது. "ஆமா" என்பார். எல்லாவற்றுக்கும் "ஆமா". வேண்டாம் என்பதற்கும்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க மாட்டீர்கள். அதனால் நானே சொல்கிறேன். சொல்லியிருந்தால் அடுத்த விமானத்தில் வந்திருப்பீர்கள். சமையலறையும் மாத்திரை டப்பாவும் டாக்டரும் உங்கள் கைக்குப் போயிருக்கும். அவர் ஒரு சொல்லுக்காகத் தவிக்கும்போது நீங்கள் அதை எடுத்துக் கொடுத்திருப்பீர்கள். வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். நானும்தான் செய்தேன். "காப்பியா? பேப்பரா? ஜன்னலா?" என்று வரிசையாக நீட்டுவேன். அவர் கண் நிறைந்துவிடும், முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மேடம் ஊய் ஒருத்திதான் எந்தச் சொல்லையும் நீட்டாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தியோடர் திணறும்போது அவரும் காத்திருந்தார். தான் காத்திருப்பதுகூடத் தெரியாதபடி காத்திருந்தார். அவர் இருக்கும்போது தியோடரின் தோள் இறங்கும். அதைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். உங்களுக்கு எழுதினதெல்லாம் எனக்கு நானே எழுதிக்கொண்டது.

இவ்வளவு நாளும் நீங்கள் பேச முடியாமல் இருந்ததால்தான் இதை எழுத முடிந்தது. இதை அன்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்து அரசர் திருநாளுக்கு இன்னும் சில நாள்தான். நன்றாகப் பாடச் சொல்லுங்கள்.

பிரிஜெட்


சேசு மரி சூசை

பிரேசர் டவுன்
26 நவம்பர் 2024

என் பிரிஜெட்டுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை மத்தியானம் வந்தது. படித்தேன். உனக்கு யோசனைகள் எழுத உட்கார்ந்தேன், ஒரு பக்கம் எழுதினேன், கிழித்துப் போட்டேன். நான் சொல்ல வேண்டியது ஒன்றும் அதில் இல்லை. நீ தனியாக இவ்வளவையும் தாங்கினாய். அது மட்டும் எனக்குத் தெரிந்ததென்று உனக்குத் தெரியட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பலிபூசைக்குப் பிறகு பேரவைக்காரர்கள் முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். லாயிட் கையில் அட்டவணை. "ஆன்ட்டி, யாரு கண்டக்ட் பண்றது?" என்று கேட்டான். நான் கடைசி பெஞ்சுக்கு நடந்தேன். அவனுக்குப் புரியவில்லை. "யாரும் இல்லையா? அப்ப எப்படி ஆன்ட்டி? ஃபெயில் ஆனா நான்தான் பதில் சொல்லணும்."

பூசைக்கு முன்பே எத்திராஜிடம் மட்டும் உன் கடிதத்தில் தியோடரைப் பற்றிய பக்கத்தைக் காட்டியிருந்தேன். மன்னித்துக்கொள். அவர் வாசித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தியோ அண்ணனுக்கா? எனக்கு பேஸ் பிடிக்கக் கத்துக் குடுத்ததே அவருதான் மிஸ்."  வரிசையில் தியோடர் நின்ற காலி இடத்துக்கு ஓரடி தள்ளி நின்றார்.

பாடினார்கள். முதல் சரணத்தில் லாயிட் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவதில் அதை மடித்தான். மூன்றாவது சரணம் வந்தது, நாங்கள் எல்லாரும் விழுந்த இடம். "தண்ணீரைப் போலத் தாழ்ந்த இடம் தேடி வந்தவரே." வரி ஆறு மாதிரி வந்தது, பிரிஜெட். எங்கேயும் அறுபடவில்லை. இறங்கவில்லை. யார் முன்னால் போகிறார்கள், யார் பின்னால் வருகிறார்கள் என்று சொல்ல முடியவில்லை. மேலே கூரையில் இருந்த புறாக்கள்கூட அசையவில்லை என்று எழுத ஆசை. ஆனால் அவை எப்போதும்போல அசைந்துகொண்டுதான் இருந்தன. உண்மையைத்தான் எழுத வேண்டும்.

பங்குச்சாமி எழுந்து நின்றுவிட்டார். லாயிட் என்னிடம் வந்து, "ஆன்ட்டி, என்ன பண்ணினீங்க?" என்றான். எனக்குப் பதிலாக மௌரீன் சொன்னாள். "ஒண்ணும் பண்ணல. அதான் விஷயம். உன் ட்ராக்குக்கு மூச்சு வாங்குமா லாயிட்?"

தமிழுக்கு இந்த வருடம் இடம் உண்டு. கடைசிப் பாட்டு எங்களுடையது.

ஒரு கேள்வி, அதற்குப் பதில் வேண்டாம் என்றும் சொல்லலாம். டிசம்பர் 22 ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வழிபாடு. உங்களுக்கு எட்டரை. வனஜா தன் ஃபோனில் உனக்கு அழைத்துப் பிடித்துக்கொள்வதாகச் சொல்கிறாள். தியோடர் கேட்க விரும்பினால் கேட்கட்டும். விரும்பாவிட்டால் வைத்துவிடு. யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

கேத்தரின்


பினாங்கு
24 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். இன்று எல்லாரும் நலம். இந்த முறை உண்மையாகவே எழுதுகிறேன்.

வனஜாவின் ஃபோன் சரியாக வந்தது. தியோடரிடம் கேட்டேன், "ஆமா" என்றார். எந்த "ஆமா" என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் நாற்காலியை ஃபோன் பக்கம் இழுத்துக்கொண்டார். மேடம் ஊயும் இருந்தார். கன்னடப் பாட்டு, இங்கிலீஷ் பாட்டு, கொங்கணிப் பாட்டு எல்லாம் கேட்டோம். பிறகு ஒரு மௌனம். நீங்கள் கடைசி பெஞ்சில் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவின் பாட்டு தொடங்கியது. இரண்டாவது சரணத்தில் ஏதோ ஒரு சத்தம். ஃபோனில் இரைச்சல் என்று நினைத்தேன். மேடம் ஊய் என் கையைத் தொட்டார். திரும்பிப் பார்த்தேன். தியோடர் வாயைத் திறந்திருந்தார். பேஸ் பாடிக்கொண்டிருந்தார். சொல்லோடு, அக்கா! மார்ச் மாதத்துக்குப் பிறகு அவர் வாயில் நான் கேட்காத சொற்கள். "தண்ணீரைப் போலத் தாழ்ந்த" வரை வந்து மூச்சு நின்றுவிட்டது. அவர் கண்ணில் பயம். சொல் இப்போதும் போய்விடுமோ என்ற பயம்.

எனக்குப் பாட வராது என்று உங்களுக்குத் தெரியும். நான் பிடித்துக்கொண்டேன். "இடம் தேடி" என்று. உங்கள் கடிதத்தில் வனஜாவுக்குப் பக்கத்துப் பெண் செய்தாளே, அதைத்தான் செய்தேன். சுருதி எங்கேயோ இருந்திருக்கும். அவர் மூச்செடுத்துக்கொண்டு "வந்தவரே" என்று என்னோடு வந்து சேர்ந்தார். கடைசிச் சரணம் முழுவதும் அப்படியே போனோம், ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர்.

மறுநாள் காலையில் சமையலறையில் இருந்தேன். பின்னால் வந்து நின்றார். நான் திரும்பவில்லை. எந்தச் சொல்லையும் நீட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். அவர் பாட்டின் முதல் இரண்டு சுரங்களில், மெல்ல, "தண்ணீர்" என்று பாடினார்.

ஒரு டம்ளர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சிரித்தார். அவரே கேட்டு வாங்கிக் குடித்த தண்ணீர்.

பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரிடம் சொன்னோம். பாட்டின் வழியாகச் சொல் திரும்புவது உண்டு, அந்த வழியிலேயே போகலாம் என்றார். இன்று காலை "பிரிஜெட்" வந்தது. அதே ராகத்தில்தான். அவர் எத்தனை முறை பாட்டாகக் கூப்பிட்டாலும் நான் தயார்.

பிரிஜெட்


சேசு மரி சூசை

பிரேசர் டவுன்
5 ஜனவரி 2025

அன்புத் தங்கை பிரிஜெட்டுக்கும் தம்பி தியோடருக்கும்,

மூன்று ராஜாக்கள் திருநாளில் எழுதுகிறேன். உன் கடிதத்தைக் கொயரில் எத்திராஜ் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். பாதியில் முடியாமல் மௌரீனிடம் கொடுத்தார். அவளும் முடியாமல் வனஜாவிடம் கொடுத்தாள். கடைசியில் வாசித்து முடித்தது லாயிட். பேஸ் வரிசையில் சேர்ந்திருக்கிறான். சுருதி பரவாயில்லை, அட்டவணையைத்தான் இன்னும் விடவில்லை.

முந்தாநாள் டாக்டர் ஷில்பா குழாயை விட்டுப் பார்த்தாள். "சூப்பரா ஆறியிருக்கு ஆன்ட்டி. ஏதாவது பேசுங்க, கேக்கலாம்" என்றாள். இத்தனை மாதம் கழித்துப் பேசும் முதல் சொல் என்னவாக இருக்க வேண்டும் என்று நான் நிறைய யோசித்து வைத்திருந்தேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். விடிய விடிய வேலை செய்த களைப்பு. "நீ சாப்பிட்டியாம்மா?" என்றேன். அவள் இல்லை என்றாள். பிறகு அவள் அம்மாவைப் பற்றி அரைமணி நேரம் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே காத்திருந்தவர்களுக்குக் கோபம்.

என் குரல் இப்போது தாழ்ந்துதான் வருகிறது. பழைய சத்தம் இனி வராதாம். எனக்கு வருத்தமில்லை. பாடலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது, ஆகவே பாடுகிறேன், ஆல்டோ வரிசையில், மௌரீனுக்குப் பக்கத்தில். நான் மூச்செடுக்கும்போது அவள் பிடித்துக்கொள்கிறாள். அதற்குப் பிறகு அவள் முகத்தில் வரும் பெருமையைத்தான் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பிப்ரவரியில் பினாங்குக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். பயப்படாதே. உன் சமையலறைக்குள் கால் வைக்க மாட்டேன். மாத்திரை டப்பாவைத் திறக்க மாட்டேன். தியோடருக்கு ஒரு சொல்லும் எடுத்துத் தர மாட்டேன். அவர் பாடினால் ஆல்டோ பாடுவேன், அவ்வளவுதான்.

முன்னறையில், மேடம் ஊயின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்று போட்டு வை.

உன் அக்கா,
கேத்தரின்